மாற்றி வைத்த இலை

ஆசிரியை தொகாஷி மிட்சுயோ பள்ளியை விட்டுப் போனது ஜூன் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. அவளுடைய ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி நீச்சல் குளத்தின் அடியில் இறங்கி, பனிக்காலம் முழுக்கப் படிந்த பாசியைத் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ வழுக்கி விழுந்திருக்க வேண்டும். பதினாலு பேரும் சேர்ந்து சிரிக்கும் சத்தம் ஆசிரியர் அறை வரைக்கும் வந்தது. அந்த நேரமாகப் பார்த்துத்தான் தலைமையாசிரியர் ஹொன்மா அவளைக் கிளம்பச் சொல்லியிருந்தார். பிள்ளைகள் கண்ணில் படாமல் போனால் எல்லாருக்கும் நல்லது என்றார். அவருக்கு எப்போதும் எல்லாருக்கும் நல்லதுதான் முக்கியம்.

இந்தப் பக்கத்து ஊர்களில் ஆசிரியர்கள் போவது பள்ளி வருடம் முடியும் மார்ச் மாதக் கடைசியில். மேடையில் நிற்க வைத்து, கையில் பூச்செண்டு கொடுத்து, பிள்ளைகள் பாட்டுப் பாடி அழுது அனுப்பி வைப்பார்கள். ஜூன் மாதத்தில் போகிறவர்கள் செத்தவர்களும் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டவர்களும்தான். மிட்சுயோ ஒரு துணிப்பையில் பள்ளிக்குள் போடும் செருப்பையும், தேநீர்க் குவளையையும், நாற்காலியில் போட்டிருந்த பஞ்சு மெத்தையையும் திணித்துக்கொண்டாள். செருப்பு அலமாரியருகே ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் கமாடா நின்றிருந்தான். இருபத்தாறு வயது. அழுது முகம் வீங்கியிருந்தது.

"நானா எதுவும் செய்யலை டீச்சர். சொன்னதைத்தான் செஞ்சேன்" என்றான்.

"கை உன்னோடதுதானே?" என்றாள் மிட்சுயோ.

 பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வயல்களுக்கு நடுவே போகும் சாலையில் ஏறி, மூன்று வயல் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி மூடிக்கொண்டு, தொண்டை கிழியும் வரை கத்தினாள். நாற்று நட்டுக்கொண்டிருந்த இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோபம் அவளுக்குப் புதியது இல்லை. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கெண்டி, தண்ணீர் கொதித்தால் விசிலடிக்கும் கெண்டி. கரும்பலகையின் முன்னால் அவளுடைய குரல் ஏற ஆரம்பித்தால் பின்வரிசையில் யாராவது மெல்ல விசில் அடிப்பார்கள், கொதி வந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கேட்டு அவளும் சிரித்துவிடுவாள், பல சமயம். ஆனால் சில விஷயங்களில் விசில் எடுபடாது. பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் எடுபடாது. அறிவியல் புத்தகத்தில் சோதனை ஒரு பக்கத்தில் இருக்கும், அதன் விடை அடுத்த பக்கத்தில் வண்ணப்படமாக இருக்கும். மிட்சுயோவின் வகுப்பில் அந்த அடுத்த பக்கங்களைத் துணிக்கிளிப் போட்டு மூடி வைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு கிளிப் வீட்டிலிருந்து கொண்டு வரச் சொல்லிவிடுவாள். துணி காயப் போடக் கிளிப் போதவில்லை என்று ஒரு அம்மா பெற்றோர் கூட்டத்தில் குறைப்பட்டுக்கொண்டபோது, "படத்தைப் பார்த்துட்டுச் சோதனை பண்ணா அது சோதனை இல்லீங்க, நாடகம்" என்று முகத்துக்கு நேரே சொன்னவள்.

அவள் அப்பா துறைமுக ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். ஆசிரியர் தேர்வில் அவள் தேறியபோது வயது முப்பத்தைந்து. அதுவரைக்கும் யாரோ பிள்ளை பெறப் போன இடத்தில், யாரோ இடுப்பு வலியில் படுத்த இடத்தில் என்று பதிலாளாக ஊர் ஊராக நின்றாள். ஏப்ரலில் பிள்ளைகளின் பெயரைப் பழகிக்கொண்டு, அவர்கள் முகம் மனதில் ஒட்டும்போது அந்த நாற்காலிக்குச் சொந்தக்காரி திரும்பி வந்துவிடுவாள். நிரந்தர வேலை கிடைத்த பிறகும் கீழ் வகுப்புகளே வந்தன. ஐம்பது வயதைத் தொட்ட பிறகுதான் ஐந்தாம் வகுப்பில் ஏற்றுக்கொண்ட ஒரு கூட்டத்தோடு ஆறாம் வகுப்புக்கும் போக வாய்த்தது. ஆறாம் வகுப்போடு அந்தப் பள்ளி முடிகிறது, பட்டமளிப்பு நாளில் வகுப்பாசிரியர்தான் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். அந்தப் பிள்ளை எழுந்து நின்று கூடம் அதிரப் பதில் சொல்லும். அந்தப் பதினாலு பெயரை மார்ச் மாதத்தில் தன் வாயால் வாசிப்பதுதான் அவளுக்கு இந்த வேலையிலிருந்து வேண்டியிருந்தது. அதைக் கணவன் எய்ஜியிடம் ஒரு முறை சொல்லியிருக்கிறாள். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

ஆறாம் வகுப்பில் ஜூன் மாதம் என்றால் இலையும் வெளிச்சமும். ஒளிச்சேர்க்கை. இலை வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே சமைத்துக்கொள்கிறது, அந்த உணவு மாவுச்சத்து, அயோடின் பட்டால் மாவுச்சத்து கருநீலமாகும். சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் சொல்லிக் கொடுப்பதில்லை, பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக ஏப்ரலிலேயே தொட்டிகளில் உருளைக்கிழங்கு நடுவார்கள். முந்தின நாள் சாயங்காலம் சில இலைகளை அலுமினியத் தாளால் மூடி வைப்பார்கள். ராத்திரியில் இலை தன்னிடம் இருக்கும் மாவை உடம்பின் மற்ற இடங்களுக்கு அனுப்பிவிடும், காலையில் காலியாக இருக்கும். காலையில் ஒரு இலையைப் பறித்துச் சோதித்தால் நீலம் வரக் கூடாது. இன்னொரு இலையின் தாளை எடுத்துவிட்டு வெயில் காட்டி மதியம் சோதித்தால் நீலம் வர வேண்டும். எந்த இலை எது என்று குழம்பாமலிருக்க ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டு, இரண்டு வெட்டு என்று அடையாளம் போடுவார்கள்.

சோதிக்கும் முறைதான் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இலையைக் கொதிநீரில் போட்டெடுத்து, வடிதாளை மடித்து அதற்குள் வைத்து, மரச்சுத்தியலால் அடிக்க வேண்டும். இலையின் சாறு தாளில் இறங்கி இலை வடிவமாகவே பதியும். பிறகு அந்தத் தாளை அயோடினில் விட வேண்டும். பதினாலு பேர் ஒரே நேரத்தில் அடிக்கும்போது கீழ்த்தளத்தில் இருக்கும் முதல் வகுப்பு ஆசிரியை மேலே வந்து எட்டிப் பார்ப்பாள்.

அந்த வருடம் முதல் முறை செய்து பார்த்தபோது தப்பாகப் போனது. ராத்திரி முழுக்க மூடி வைத்திருந்த இலை, காலையில் பறித்தது, கருநீலமாக நின்றது. எல்லா மேசையிலும் அப்படியே.

பையன்கள் அயோடின் கெட்டுப்போச்சு என்றார்கள். மூடியது சரியில்லை என்று ஒருத்தி இன்னொருத்தியைக் குறை சொன்னாள். கென்மோச்சி நட்சுஹோ மட்டும் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நட்சுஹோ நெல் விவசாயி வீட்டுப் பெண். இடக்கைப் பழக்கம். வாய் அதிகம், நண்பர்கள் குறைவு.

"நேத்து ராத்திரி எங்க வீட்டுல குளிருக்கு மறுபடி அடுப்பு மூட்டினோம் டீச்சர்" என்றாள். "நாத்து குளிருல அப்படியே நின்னுடுச்சுன்னு அப்பா புலம்பினாரு. இதுவும் குளிருல சாப்பாட்டை அனுப்பாம வச்சுக்கிட்டு உக்காந்துடுச்சோ?"

மிட்சுயோவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. முப்பது வருடமாக அவள் காத்திருந்த மாதிரியான கேள்வி அது. தனக்கு விடை தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை. முழுக்கத் தெரியவும் தெரியாது. எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று மட்டும் கேட்டாள். பிள்ளைகள் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு தொட்டியை ராத்திரி சமையற்கூடத்துக்குப் பக்கத்துக் கொதிகலன் அறையில் வைப்பது, இன்னொன்றைக் கடல்காற்று அடிக்கும் வடக்குச் சுவரோரம் வைப்பது. உள்ளே இருந்த இலைக்கு ஒரு வெட்டு, வெளியே இருந்ததற்கு இரண்டு வெட்டு. அடுத்த குளிர் ராத்திரிக்காகத் தினமும் வானிலை பார்த்தார்கள். ஜூன் மாதத்தில் குளிர் வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பிள்ளைகள் அந்த வயல்காட்டுச் சமவெளியில் இவர்கள் மட்டுமாகத்தான் இருக்கும்.

குளிர் வந்தது. ஆனால் அது பார்வையாளர் பாடம் நடக்கும் நாளுக்கு முந்தின ராத்திரி வந்தது.

பார்வையாளர் பாடம் என்றால் சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்களும் கல்வி அலுவலக ஆட்களும் வகுப்பின் சுவரோரம் வரிசையாக நின்று, ஒருவர் பாடம் எடுப்பதைப் பார்ப்பது. பாடத் திட்டத்தை முன்கூட்டியே அச்சடித்துக் கொடுக்க வேண்டும். அதில் இடப்பக்கம் ஆசிரியர் என்ன கேட்பார் என்று இருக்கும். வலப்பக்கத்துக்கு, பிள்ளைகளிடம் எதிர்பார்க்கப்படும் பதில் என்று பெயர். அங்கே பிள்ளைகள் என்ன சொல்வார்கள், எங்கே வியப்பார்கள் என்பதெல்லாம் ஒரு மாதத்துக்கு முன்னாலேயே எழுதப்பட்டிருக்கும். பிள்ளை அப்படியே சொன்னால் நல்ல பாடம். சொல்லாவிட்டால் ஆசிரியர் தயாராக வரவில்லை.

மிட்சுயோ அந்த வலப்பக்கத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்திருந்தாள். ஹொன்மா அதைத் தன் கையாலேயே நிரப்பி அச்சுக்கு அனுப்பியிருந்தார். 'ஆகா, வெள்ளையாகவே இருக்கிறதே' என்றும், 'மூடிய இலையில் மாறவே இல்லை' என்றும், 'இலைகளுக்குச் சூரியன் வேண்டும் என்று புரிந்தது' என்றும். அச்சான தாளைப் பார்த்துவிட்டு அவள் அவருடைய அறைக்குப் போனாள்.

ஹொன்மா கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவராக இருந்தால் கதவை அறைந்து சாத்திவிட்டு வரலாம். அவர் எழுந்து தானே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருவதால் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடும் பேச்சு இருந்தது. இந்தப் பாடம் நல்லபடியாக நடந்து பெயர் வாங்கினால் இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போடலாம் என்று நம்பினார். குளிர், கொதிகலன் அறை, இதெல்லாம் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாமே என்றார். வருகிறவர்களுக்குப் புத்தகத்தில் உள்ள பாடம் போதும் என்றார். பாதுகாப்புக்காக மாற்று இலைகள் தயாராக இருக்கட்டும், எல்லா ஆசிரியரும் வைத்துக்கொள்வதுதான் என்றார். மிட்சுயோ வேண்டாம் என்றாள். தேநீரைக் குடிக்காமலே எழுந்து வந்தாள்.

அந்தக் காலையில் பிள்ளைகள் ஏழரை மணிக்கே வந்து இலைகளைப் பறித்தார்கள். மூச்சு புகையாக வந்தது. பறித்த உடனே கொதிநீரில் போட்டெடுத்து, தட்டுகளில் வைத்து, ஈரத்துணி போட்டு மூடி அறிவியல் அறையில் வைத்தார்கள். சுத்தியலும் அயோடினும் மதியப் பாடத்தில், பார்வையாளர்கள் முன்னால். நாள் முழுக்க யாருக்கும் படிப்பு ஓடவில்லை. நீலமா வெள்ளையா என்று பந்தயம் கட்டினார்கள், தோற்றவன் மதியச் சாப்பாட்டோடு தரும் பாலில் மற்றவன் பங்கையும் குடிக்க வேண்டும் என்று.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளி முழுக்க வகுப்பறையில் உட்கார்ந்து சாப்பிடும். அறிவியல் அறையில் யாரும் இருக்க மாட்டார்கள். கமாடா அப்போது உள்ளே போனான். அவன் கையில் ஹொன்மா ஐந்தாம் வகுப்புத் தொட்டியிலிருந்து தயார் செய்யச் சொன்ன இலைகள் இருந்தன. இரண்டு நாள் அட்டைப்பெட்டிக்குள் இருட்டில் வைத்த செடி. அதில் மாவு ஒரு பொட்டும் இருக்காது. ஒரு வெட்டு, இரண்டு வெட்டு என்று அளவாக வெட்டியிருந்தான். பிள்ளைகளின் இலைகளை எடுத்துவிட்டு இவற்றை வைத்தான். எடுத்த இலைகளைச் சாப்பாட்டு மிச்சம் போடும் வாளியில் கொட்டினான்.

ஐந்தாவது பாடவேளை. சுவரோரம் நாற்பது பேர், எல்லாரும் கறுப்பு உடுப்பு, கையில் அந்த அச்சடித்த தாள். பிள்ளைகள் இலைகளை வடிதாளில் மடித்து அடித்தார்கள். தாளை அயோடினில் விட்டார்கள். மிட்சுயோவும் குனிந்து பார்த்தாள். கொதிகலன் அறையில் இருந்த இலை வெள்ளை. வடக்குச் சுவரோரம் இருந்த இலையும் வெள்ளை. எல்லா மேசையிலும் சொல்லி வைத்தாற்போல. பார்வையாளர்கள் தாளைப் பார்த்தார்கள், தட்டைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள்.

அவளுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் சரி, குளிர் காரணமில்லை போலிருக்கிறது, அதுவும் ஒரு விடைதான் என்று வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் நட்சுஹோ கையைத் தூக்கினாள்.

"இது எங்க இலை இல்ல டீச்சர்."

கமாடா கதவோரம் நின்றிருந்தான்.

"நான் இடது கையால வெட்டுனேன். கத்தரி சரியா வெட்டாம நசுக்கிடுச்சு, ரெண்டாவது வெட்டு கோணலா கிழிஞ்சு நடு நரம்பு வரைக்கும் போயிடுச்சு. ஹருக்கி கூடக் கிண்டல் பண்ணான். இதுல ரெண்டும் நேரா இருக்கு. எங்க இலையை யாரோ எடுத்துட்டாங்க."

பக்கத்தில் இருந்த ஹருக்கி தட்டை எட்டிப் பார்த்தான். "ஆமா, இது அழகா இருக்கு. இவ வெட்டுனது எலி கடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றான். யாரோ சிரித்தார்கள். ஹொன்மா முன்னால் வந்து, பிள்ளைகள் எவ்வளவு கூர்மையாகக் கவனிக்கிறார்கள் பாருங்கள் என்று பார்வையாளர்களைப் பார்த்துப் புன்னகைத்தார். கொதிநீரில் போட்டால் இலை சுருங்கி வடிவம் மாறும் என்று நட்சுஹோவிடம் கனிவாகச் சொன்னார். நட்சுஹோ அவரைப் பார்க்கவில்லை. கமாடாவைப் பார்த்தாள். அவன் காது சிவந்திருந்தது.

"கமாடா சார், நீங்க எடுத்தீங்களா?"

நாற்பது பேரும் திரும்பினார்கள். கமாடா தரையைப் பார்த்தான். மணி அடித்தது.

பாடம் முடிந்ததும் கூட்டம். வழக்கப்படி, பாடம் நடத்தியவர் முதலில் எழுந்து, குறைகள் நிறைந்த தன் பாடத்தைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, எவ்வளவோ கற்றுக்கொண்டோம் என்பார்கள். மிட்சுயோ எழுந்தாள். நன்றி சொல்லவில்லை. பிள்ளைகளின் இலைகளை மாற்றி வைத்தார்கள் என்றும், அந்தப் பெண் சொன்னது உண்மை என்றும், நீங்கள் பார்த்தது பாடமே இல்லை என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். யாரோ தொண்டையைச் செருமினார்கள். கல்வி அலுவலகத்திலிருந்து வந்த வயதானவர், பிள்ளைகள் ஏமாந்து போகாமலிருக்க முன்னேற்பாடு செய்வதும் ஆசிரியரின் அன்புதான் என்று மெதுவாகச் சொன்னார். பலர் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததும், எடுத்த இலைகள் மிச்சம் போடும் வாளிக்குத்தான் போயிருக்கும் என்று மிட்சுயோ சமையற்கூடத்தின் பின்பக்கம் ஓடினாள். மிச்சம் எடுத்துப்போகும் வண்டி மூன்று மணிக்கே வந்து போயிருந்தது. வாளிகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வடக்குச் சுவரோரம் இருந்த இலை நீலமா வெள்ளையா என்று இனி யாருக்கும் தெரியாது. மறுநாளிலிருந்து வெயில் ஏறிவிட்டது. அந்த வருடம் அப்படி ஒரு ராத்திரி மறுபடி வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தேநீர் ஊற்றி ஊற்றியே நடந்தது. முதல் நாள் ஹொன்மா, இது தீரும் வரைக்கும் பிள்ளைகளிடம் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார், அவளும் எடுக்கவில்லை. இரண்டாம் நாள் கல்வி அலுவலகத்திலிருந்து பேசினார்கள் என்றார். மூன்றாம் நாள் விஷயத்துக்கு வந்தார்.

"அந்தப் பொண்ணு கமாடா சார்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா போதும், தொகாஷி டீச்சர். வெளியாளுங்க முன்னாடி ஒரு ஆசிரியரைத் திருடனாக்கிட்டா. சின்னப் பொண்ணு, தெரியாம பேசிட்டா. யாரும் பெருசு பண்ணப் போறதில்ல."

"அவரு எடுத்தாரு. அவ பார்த்தா. இதுல அவ எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?"

"உண்மையா பொய்யான்னு நான் பேசலை. மனுஷங்க ஒண்ணா இருக்கணும்ல."

"உண்மையா பொய்யான்னு பேசாம நான் என்னத்த சார் பாடம் எடுக்கறது?"

அவர் குவளையைத் திருப்பித் திருப்பி வைத்தார். நட்சுஹோவின் வீட்டுக்கு ஏற்கெனவே தொலைபேசியில் பேசியாயிற்று என்றும், அவளுடைய அப்பா தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்றும் சொன்னார். பள்ளியில் எல்லார் முன்னாலும் அவளும் ஒருமுறை கேட்டுவிட்டால் முடிந்தது என்றார்.

அன்று வீட்டில் எய்ஜி கெளுத்திக் கருவாடு வாட்டிக்கொண்டிருந்தார். அதிகாலையில் மீன் ஏலத்துக்குப் போய்விட்டு மதியத்திலேயே திரும்பிவிடும் மனிதர். அவள் உள்ளே வந்ததைப் பார்த்து, "உன் மூஞ்சியில யாரு அயோடின் ஊத்துனது?" என்றார். அவள் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். அவர் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, நீயே அந்தப் பெண்ணுக்குப் பதிலாக ஒரு மன்னிப்பைச் சொல்லிவிட்டால் என்ன, நானெல்லாம் ஏலத்தில் தினமும் பத்துப் பேரிடம் சொல்கிறேன் என்றார். மார்ச் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இரு, உனக்கு வேண்டியது அந்தப் பதினாலு பெயர்தானே என்றார்.

"வாயால சொன்னா போச்சுன்றீங்களா? நான் சொன்னா அவ சொன்னது பொய்னு ஆயிடும். அப்புறம் அவ எந்தக் கண்ணால எதைப் பார்ப்பா?" என்று கத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டில் தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது.  எய்ஜி கருவாட்டின் முள்ளை நீக்கிவிட்டுச் சதையை அவள் தட்டில் வைத்தார்.

மறுநாள் அவள் ஹொன்மாவின் மேசையில் விலகல் தாளை வைத்தாள். யாராவது ஒருவர் தலை குனிய வேண்டும் என்றால் அது நானாக இருக்கட்டும், அந்தப் பெண்ணைத் தொடக் கூடாது என்றாள். ஒரே ஒரு நிபந்தனை அதுதான். நட்சுஹோ யாரிடமும் மன்னிப்புக் கேட்கக் கூடாது. ஹொன்மா எழுந்து நின்று, இடுப்பு வரைக்கும் குனிந்து வணங்கினார். நன்றி என்றார். பிள்ளைகளிடம் தானே பக்குவமாகச் சொல்லிக்கொள்வதாகவும், அவர்களிடம் விடைபெறாமல் போனால் நல்லது என்றும் கேட்டுக்கொண்டார். அவள் ஒத்துக்கொண்டாள். அந்த வணக்கத்தை வாக்காக எடுத்துக்கொண்டாள்.

பள்ளி இரண்டு வருடத்தில் மூடப்பட்டது. நல்ல பாடமும் அதைக் காப்பாற்றவில்லை, கெட்ட பாடமும் அதைக் கெடுக்கவில்லை, பிள்ளைகள் இல்லை, அவ்வளவுதான். கமாடா எங்கேயோ மாற்றலாகிப் போனான். ஹொன்மா ஓய்வு பெற்றுக் காய்கறித் தோட்டம் போட்டார். மிட்சுயோ விவசாயச் சங்கத்தின் கிட்டங்கியில் முலாம்பழம் தரம் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயும் சண்டைதான். இனிப்பு பார்க்கும் இயந்திரம் தப்பு காட்டுகிறது என்று மேற்பார்வையாளனிடம் மல்லுக்கு நின்றாள், பழத்தை அறுத்து அவன் வாயில் திணித்து ஒத்துக்கொள்ள வைத்தாள். கூட வேலை செய்யும் பெண்கள் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். பாதி மரியாதை, பாதி நக்கல்.

மார்ச் மாதம் பட்டமளிப்பு நாளில் மட்டும் கிட்டங்கிக்குப் போகாமல் வீட்டிலேயே படுத்திருப்பாள். முதல் வருடம், அவளுடைய பிள்ளைகளின் பெயரை இன்னொருத்தர் வாசித்துக்கொண்டிருந்த காலையில், போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு அந்தப் பதினாலையும் சத்தமாகச் சொன்னாள். எய்ஜி அடுத்த அறையில் இருந்தார். கேட்காதது போல இருந்துவிட்டார்.

கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை. ஹொன்மாவைக் கடைத்தெருவில் பார்த்தால் சாலையின் மறுபக்கம் போவாள். ஆனால் அந்தக் கோபத்தின் அடியில் ஒரு கெட்டியான தரை இருந்தது. அதில் கால் ஊன்றித்தான் நின்றாள். எல்லாம் போனாலும், ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் தன் கண்ணால் பார்த்ததற்காக யாரிடமும் தலை குனியவில்லை. அதற்கு விலை கொடுத்தாயிற்று, பொருள் கைக்கு வந்தாயிற்று. விலை அதிகமா என்று கேட்டால் அவள் அடித்தே விடுவாள்.

எட்டு வருடம் கழித்து, ஜூலைக் கடைசியில், முலாம்பழம் மலைபோல் வந்து குவிந்திருந்த ஒரு மத்தியானம், ஏப்ரனின் பையில் இருந்த கைபேசி அதிர்ந்தது. தெரியாத எண். கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டு, ஓடும் பட்டையின் பக்கத்திலேயே நின்று படித்தாள். பழங்கள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. யாரோ டீச்சர், டீச்சர் என்று கூப்பிட்டார்கள்.

'தொகாஷி டீச்சருக்கு. நான் கென்மோச்சி நட்சுஹோ. உங்க நம்பரை மீன் ஏலத்துல உங்க வீட்டுக்காரர்கிட்ட வாங்கினேன், அவரைத் திட்டாதீங்க. ஆகஸ்ட் பதினஞ்சு ஊர்ல எங்க வயசுக்காரங்களுக்கு இருபது வயசு விழா நடத்தறாங்க. முடிஞ்சதும் எங்க வகுப்பு மட்டும் தனியா கூடறோம். உங்களைக் கூப்பிடணும்னு எல்லாரும் சொன்னாங்க. நான் மட்டும் வேண்டாம்னு சொன்னேன். ஏன்னு உங்களுக்குத் தெரியணும். நீங்க போன மறுநாள் என்னை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டாங்க. தொகாஷி டீச்சர் தப்பை ஒத்துக்கிட்டுத்தான் போனாங்க, இனி நீ ஒருத்திதான் பாக்கின்னு ஹொன்மா சார் சொன்னாரு. நான் மன்னிப்புக் கேட்டேன். ரெண்டு தடவை. முதல் தடவை சத்தம் பத்தலையாம். நான் பார்த்தது சரின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா, வெட்டிப் போட்டாலும் கேட்டிருக்க மாட்டேன். குளத்துலேர்ந்து ஏறி வந்தப்போ உங்க மேசை காலியா இருந்துச்சு. ஹொன்மா சார் மேல எனக்குக் கோபம் இல்ல, அவரு அப்படித்தான். உங்க மேலதான் கோபம், இன்னி வரைக்கும். இதைத் தெரிஞ்சுக்கிட்டும் வர முடியும்னா வாங்க. சாயங்காலம் அஞ்சு மணி, துறைமுகத்துக்கு எதிர்ல இருக்கற மீன் சாப்பாட்டுக் கடை மாடி. உங்க பக்கத்து இடத்தை வேற யாருக்கும் கொடுக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். அங்க நான்தான் உக்காருவேன்.'